பராக்குக் காட்டியவள்

பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குப் பராக்கு என்று பெயர் விழுந்துவிட்டது. ஜன்னல் பக்கம் ஒரு நிழல் ஆடினால் போதும், கரும்பலகை மறந்துபோகும். கல்யாணமாகி, சட்டைத் தொழிற்சாலையில் காஜா எடுக்கும் மெஷினில் உட்கார்ந்த பிறகும், பராக்குப் பார்க்காமல் தைக்கச் சொல்லியே சூப்பர்வைசருக்குத் தொண்டை வறண்டது.

காலில் பந்து வந்துவிட்டால் மட்டும் அவள் வேறு ஆள். தொழிற்சாலைப் பெண்களின் கால்பந்து இறுதிப் போட்டியில் தையல் பிரிவுக்கு அவள்தான் முன்னால் நின்றாள். எதிரே பேக்கிங் பிரிவின் கோல்கீப்பர், அவளுடைய சொந்த நாத்தனார். காலையில் ஒன்றாகச் சமைத்துவிட்டு ஒரே பஸ்ஸில் வந்தவர்கள்.

முதல் பாதி முடியப்போகும் நேரம். பந்தோடு தனியாக உள்ளே புகுந்தவள், சட்டென்று கோட்டோரம் திரும்பிப் பார்த்தாள். அங்கேதான் அவள் கணவன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று நாத்தனாரின் கண்ணும் அங்கே ஓடியது. பந்து வலையில்!

நாத்தனாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இடைவேளையில் குழாயடியில் மறித்தாள்.

"புள்ளைக்கு ஊட்டுறப்போ செய்யற வேலையை எங்கிட்டயே செய்யறீங்களா அண்ணி?"

"அங்க பாருன்னு சொன்னா அவன் எங்க பார்க்கிறான்? நாம பார்த்தாதான் பார்ப்பான்."

"இத்தனை நாளா நீங்க பராக்குப் பார்க்கிறீங்கன்னு நெனச்சோம். பராக்குக் காட்டவும் தெரியுமா உங்களுக்கு!"

இரண்டாம் பாதியில் பேக்கிங் பிரிவும் ஒரு கோல் போட்டுவிட்டது. உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் மறுபடி அவள், மறுபடி பந்து, மறுபடி குழந்தை இருந்த பக்கமே ஒரு பார்வை. இந்தத் தடவை ஏமாறுவேனா என்று நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பாய்ந்தாள். பந்தோ, அவள் பார்த்த பக்கமாகவே உருண்டு, ஆளில்லாத வலைக்குள் போய் நின்றது.

தையல் பிரிவு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியது. சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்தினார்.

பஸ்ஸில் நாத்தனார் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். இறங்கும் நேரத்தில்தான் பக்கத்தில் வந்தாள்.

"அடுத்த வருஷம் உங்க கண்ணையே பார்க்க மாட்டேன் அண்ணி. காலைத்தான் பார்ப்பேன்."

"பாரு. காலும் கொஞ்சம் பொய் சொல்லும்."

நாத்தனாருக்குச் சிரிப்பு பீறிட்டது. தெருமுனையிலேயே, கணவன் தோளில் இருந்த குழந்தையின் செருப்பைக் கழற்றிப் பந்தாக்கி, அந்த இரண்டாவது கோலைத் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டே இருவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.