பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட மாட்டோம்

நீராவி என்ஜின் ஓட்டுகிறவன் கண்ணை மூடக்கூடாது என்பது சட்டம். எத்தனை மணி நேரம் மூடக்கூடாது என்பதற்குத்தான் அப்போது கணக்கே கிடையாது. பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே என்று கேட்ட எங்கள் டிரைவர் சங்கத்துக்கு, எழுபதுகளில் நான் தூத்துக்குடி கிளைச் செயலாளர். ஏதாவது ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்து ஏச்சு வாங்கியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

மணியாச்சியில் நின்ற வண்டி

லீவு போட்டுவிட்டு ஒரு நாள் பாசஞ்சரில் போய்க்கொண்டிருந்தேன். மணியாச்சியில் நின்ற வண்டி கிளம்பவே இல்லை. முந்தின நாளே டூட்டி ஏறியிருந்த டிரைவர் அந்தோணி, மணப்பாட்டுக்காரர், "என் நேரம் எப்பவோ முடிஞ்சிட்டு, வேற ஆள் வரட்டும்" என்று இறங்கி வேப்பமரத்தடியில் படுத்துவிட்டார். சண்டைக்குப் போன பயணிகளிடம், "அன்னா இருக்காரு எங்க செயலாளர், அவர்ட்ட கேளுங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டது. ஒருவன் என் சட்டைக் காலரைப் பிடித்தே விட்டான். கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எழுந்து குறுக்கே வந்தாள். "ஏலே, கைய எடு. தூங்கிக்கிட்டே ஓட்டி நம்மளக் கொல்லுததுக்கு, அந்த மனுசன் மரத்தடியிலயே தூங்கட்டும்!"

தருவைகுளத்துக் கடல்

நாடு முழுக்க ரயில் வேலைநிறுத்தம் தொடங்கியதும் போலீஸ் எங்களை வீடு வீடாகத் தேடியது. பிடித்தால் ஒன்று என்ஜினில் ஏற்றுவார்கள், இல்லையென்றால் ஜெயிலில். நானும் அந்தோணியும் தருவைகுளத்தில் அவருடைய மச்சான் வீட்டில் ஒளிந்தோம். ஜீப் அங்கேயும் வந்தது. மச்சான் எங்களைத் தன் வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய்விட்டார்.

கரையில் காக்கிச்சட்டை மறைகிறவரை எனக்குப் பயம். மறைந்த பிறகு வாந்தி. விளிம்பைப் பிடித்துக் குனிந்தவன் நிமிரவே இல்லை. மச்சான் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்: "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, அடுத்த தடவை வரும்போது தண்டவாளம் போட்டு வைக்கோம்."

கிருபையின் நிபந்தனை

வேலைநிறுத்தம் தோற்றது. எனக்கு வேலை போயிற்று. பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி கிருபையின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அவள் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. நான்தான் அவள் பரிமாறும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

ஆட்சி மாறியபின் எங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். என்ஜின் ஷெட்டில் சேதி கிடைத்ததும் அங்கிருந்து வீட்டுக்கு ஓடினேன். கேட்டதும் அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சர் குரலுக்கு மாறினாள்: "சந்தோசம். ஆனா பத்து மணி நேரத்துக்கு மேல ஒரு நிமிசம் ஆனாலும், வாசல்ல நான் கொடி பிடிச்சி நிப்பேன்."

ஒரு ரயிலை ஓட்டுவதற்கு என்ஜினில் மூன்று பேர் போதும், நிறுத்துவதற்குத்தான் எங்களுக்கு ஊரே வேண்டியிருந்தது.