சிட்டு டாக்டராக இருந்த வருஷங்கள்

பதினோரு வயதிலேயே டோரதிக்கு ஒரு பத்திரிகையின் மேல் தீராத கோபம். அதன் ஞாயிற்றுக்கிழமைச் சித்திரத் தொடரில் தொப்பை, வாலு என்று இரண்டு பையன்களும் சிட்டு என்று ஒரு பெண்ணும் வருவார்கள். வாராவாரம் எதையாவது உடைப்பார்கள், வாராவாரம் முதுகில் வாங்குவார்கள், ஆனால் வளரவே மாட்டார்கள். இது என்ன அநியாயம்?

பத்திரிகைக்காரன் செய்யாததை டோரதியே செய்தாள். கண்டோன்மென்ட் கான்வென்ட் பள்ளியில் அவளுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜலக்ஷ்மியும் சேர்ந்துகொண்டாள். கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் மூவரும் பெரியவர்களானார்கள். தொப்பைக்கு அல்சூரில் ஒரு பேக்கரி வைத்துக் கொடுத்தார்கள்.

“வாலு போலீஸ் இன்ஸ்பெக்டர்” என்றாள் ராஜலக்ஷ்மி.

“அவனா? அவன் திருடனாத்தான் போவான்!”

“இத்தனை நாள் வாங்கின அடியெல்லாம் யாருக்காவது திருப்பித் தர வேண்டாமாடி?”

சிட்டுவை ரயில் கார்டாக்கிப் பச்சைக்கொடி பிடிக்க வைக்க டோரதிக்கு ஆசை. “சிட்டு டாக்டர். அதுல பேச்சே கிடையாது” என்று ராஜலக்ஷ்மி ஒரே போடாகப் போட்டாள். டாக்டராக வேண்டும் என்ற தன் ஆசையைத்தான் அவள் மனத்தில் வைத்துச் சொல்கிறாள் என்று டோரதிக்குத் தெரியும். கொடியை அழித்துவிட்டுக் கையில் மருந்துப் பெட்டியை வரைந்தாள். அந்தப் பெஞ்சில் அவர்கள் சிரித்த சிரிப்பை டோரதி அப்புறம் எங்கேயும் சிரிக்கவில்லை.

ராஜலக்ஷ்மிக்குப் பதினாலு வயதில் கல்யாணமாயிற்று. படிப்பை நிறுத்திவிட்டு ஷிமோகா போனாள். அந்த வீட்டில் எந்தக் கடிதம் வந்தாலும் போனாலும் மாமனார்தான் முதலில் படிப்பார். ஆகவே டோரதி எழுதவில்லை, வரைந்தாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு, அதில் டாக்டர் சிட்டு. பிள்ளை விளையாட்டு என்று மாமனாரும் விட்டுவிட்டார். முதல் வருஷம் சிட்டு கழுத்தில் குழாயோடு நின்றாள், பிறகு மோட்டார் வாங்கினாள், பிறகு மேல்படிப்புக்குக் கப்பலேறினாள். பதில் எப்போதும் ஒரே வரிதான். “படம் கிடைத்தது, எல்லோரும் சௌக்கியம்.”

பதினோராம் வருஷம், 1938-இல், ராஜலக்ஷ்மியிடமிருந்து மாமனாருக்குத் தெரியாமல் ஒட்டிய உறை ஒன்று வந்தது.

“டோரதி, இனிமேல் சிட்டுவை அனுப்பாதே. வருஷா வருஷம் அவள் உயர்ந்துகொண்டே போகிறாள், நான் அடுப்படியிலேயே நிற்கிறேன். நீயும் அவளோடு எங்கேயோ போய்விட்டாய். என் பெண்கள் இது யாரம்மா என்று கேட்டார்கள். யாருமில்லை என்று சொன்னேன்.”

டோரதி அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். அன்றைக்குக் கம்பிகளைத் தாறுமாறாகச் செருகி, ஒரு கர்னலைக் கறிக்கடையோடு பேச வைத்து, மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

“அனுப்பாதேன்னா விட்டுடேன்டி” என்றாள் பக்கத்து நாற்காலி பெர்னதெத்.

“விட்டா ராஜலக்ஷ்மியே போயிடுவாடி. எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான்.”

டோரதிக்கு அழுகையைவிட வெட்கம்தான் அதிகம். எங்கேயோ போய்விட்டாளாமே! பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்டதை அவள் ராஜலக்ஷ்மியிடம் சொன்னதே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை முகம் தெரியாத துரைமார்களுக்கு “நம்பர் ப்ளீஸ்” சொல்லும் பிழைப்பையும் சொல்லவில்லை. தான் சொல்ல முடியாததையெல்லாம் மறைக்கத்தான் சிட்டுவுக்கு மோட்டாரும் கப்பலும் வாங்கித் தந்திருக்கிறாள். அது தோழியை இப்படிக் குத்தும் என்று அவள் மண்டைக்கு எட்டவே இல்லை.

மறுநாள் கடைசியாக ஒரு கார்டை எடுத்து வரைந்தாள். எக்ஸ்சேஞ்ச் நாற்காலியில் சிட்டு, வயது இருபத்தைந்து, தலையில் மாட்டிய கருவி அழுத்திக் காது சிவந்திருக்கிறது. கீழே எழுதினாள்: “சிட்டு டாக்டராகவில்லை. கணக்கில் போய்விட்டது. உன்னிடம் சொல்ல வெட்கம்.” யார் படித்தாலும் படிக்கட்டும் என்று தபால் பெட்டியில் போட்டுவிட்டாள்.

ஒரு வாரம் போயிற்று, மூன்று வாரம் போயிற்று. தபால்காரர் தெருவில் திரும்பினாலே டோரதி வாசலுக்கு ஓடுவாள்.

ஐந்தாவது வாரம் ஒரு கார்டு வந்தது. பதினோரு வருஷமாகப் பென்சில் பிடிக்காத கை, கோடெல்லாம் கோணல். மடிசார் கட்டிய ஒரு சிட்டு, ஒரு கையால் சாம்பார் கிளறிக்கொண்டு, மறு கையால் டெலிபோனைக் காதில் வைத்திருந்தாள். வாயருகே எழுதியிருந்தது:

“யாரு, டோரதியா பேசறது?”

“ஆமாண்டி, நான்தான்” என்று டோரதி வாசலில் நின்றபடியே உரக்கச் சொன்னாள். தபால்காரர் திரும்பிப் பார்த்தார்.