சுருட்டை அழுத காட்சி

கடைத்தெருவில் மாடிப்படிக்கு அடியில் துணி ஆல்ட்டர் செய்யும் கடை வைத்திருக்கிற ஒல்லி, சிறு வயதில் சினிமாவில் நடித்தவள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நடித்தது பிணமாக.

போர்க்காலத்தைப் பற்றிய படம். இணைபிரியாத இரண்டு சிறுமிகள். குண்டு விழுந்து ஒருத்தி சாகிறாள், மற்றவள் அவளை மடியில் போட்டு அழுகிறாள். அதற்குப் பிள்ளை தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்கள் ஒல்லியையும் எதிர்வீட்டு உயிர்த்தோழி சுருட்டையையும் ஒன்றாகவே கூட்டிப்போனார்கள்.

வசனமெல்லாம் சுருட்டைக்கு. சாவு ஒல்லிக்கு. சுருட்டைக்கு நாற்காலி போட்டார்கள், குடை பிடித்தார்கள், அவள் சுருள்முடியைத் தொட்டுத் தொட்டுக் கொஞ்சினார்கள். ஒல்லியின் முகத்தில் சேற்றைப் பூசி, "படுத்துக்க பாப்பா, அசையக் கூடாது" என்றார்கள். மூடிய கண்ணுக்குள்ளேயே அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆனால் சுருட்டைக்கு அழுகை வரவில்லை. கிளிசரின் விட்டார்கள், கெக்கெக்கே என்று சிரித்தாள். வெயில் இறங்கத் தொடங்கியதும் இயக்குநர் ஒல்லியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ அவ ஃபிரெண்டுதானே? அவ அழுற மாதிரி ஏதாவது காதுல சொல்லேன். உனக்குத் தெரியாததா?"

தெரியும். வீட்டில் பெரியவர்கள் குசுகுசுத்தது அவள் காதிலும் விழுந்திருந்தது. திரும்பிப் போய்ச் சேற்றில் படுத்தபடியே சுருட்டையின் காதில் சொன்னாள்: "உங்க அப்பா வெளியூர் வேலைக்குப் போகல. அவருக்கு வேற வீடு இருக்கு, வேற பொண்ணு இருக்கு. இனிமே வரவே மாட்டாரு."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிச் செத்துப்போனாள்.

சுருட்டை அழுத அழுகையில் லைட் பிடித்தவர்கூட மூக்கை உறிஞ்சினார். படம் வந்ததும் ஊரே அந்தப் பிள்ளையைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. பரிசெல்லாம் கொடுத்தார்கள். ஒல்லிக்கு உள்ளே புகைந்தது: நான் வரவழைத்த அழுகைக்கு அவளுக்கா மாலை? சுருட்டை அதன்பின் அவளோடு பேசவில்லை. கொஞ்ச நாளில் சுருட்டை வீட்டாரும் எதிர்வீட்டைக் காலிசெய்து போய்விட்டார்கள்.

வயது ஏறியும் புகைச்சல் அடங்கவில்லை. டிவியில் அந்தப் படம் வந்தால் ஒல்லி சேனலை மாற்றிவிடுவாள்.

"அம்மா, நீ நடிச்ச படம்மா!" என்று மகள் கத்துவாள்.

"நான் எங்கடி நடிச்சேன்? செத்துக் கிடந்தேன்."

போன மழைக்காலத்தில், தன் மகளின் பள்ளிப் பாவாடையோடு ஒருத்தி கடைக்கு வந்தாள். நரைத்தும் அழகாயிருந்த அந்தச் சுருள்முடியில்தான் ஒல்லியின் கண் முதலில் விழுந்தது.

"ஏய், ஒல்லிதானே?"

"இப்பல்லாம் நடிக்கிறதில்லையா?" குத்தலாகவே கேட்டாள் ஒல்லி.

"அந்த ஒண்ணோட சரி. அப்புறம் கூப்பிட்டாங்க, எனக்கு அழுகையே வரல. இப்ப ஆஸ்பத்திரில பில் போடுறேன்."

கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு தாங்கவில்லை.

"அன்னைக்கு உங்க அப்பாவப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி."

"அது எனக்கு முன்னாடியே தெரியும். உனக்குத் தெரிஞ்சா என்னைப் பாவமா பார்ப்பியேன்னுதான் மறைச்சு வச்சிருந்தேன்."

"அப்புறம் ஏன் அப்படி அழுத?"

"சொன்னது நீயாச்சே."

ஒல்லி பாவாடையைப் பிரித்து, இடுப்பில் எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டாள்.

மறுநாள் வாங்கிப்போக வந்தது சுருட்டையின் புருஷன். "அவளுக்கு டியூட்டிங்க" என்று கொட்டுகிற மழையில் நனைந்து நின்றான். இப்படி ஓடி வருகிற புருஷனும் அவளுக்குத்தான் வாய்க்க வேண்டுமா என்று ஒல்லிக்குச் சுருக்கென்றது. உடனே வெட்கமாகவும் இருந்தது. அவனை உள்ளே வந்து நிற்கச் சொல்லி, தேய்த்த பாவாடையையே இன்னொரு தரம் தேய்த்து மடித்துக் கொடுத்தாள்.