நெருப்புக்குப் பயந்தவன்

எங்கள் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: நெருப்புக்குப் பயந்தவன். எங்கள் ஊரான நகரியில் திரௌபதி அம்மன் தீமிதிக்குக் காப்புக் கட்டும் நாள் வந்தால் போதும், எனக்குக் காய்ச்சல் வரும், இல்லை அவசர வேலை வரும். நெருப்பாவது மண்ணாங்கட்டியாவது! தீக்குழியில் இறங்குகிறவன் சட்டையைக் கழற்றி, மார்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு ஊர் முன்னால் நிற்க வேண்டும். அதற்குத்தான் பயந்தேன்.

எனக்கு மீசை முளைக்கும் வயதில் மார்பு இரண்டு பக்கமும் வீங்கத் தொடங்கியது. அந்த வயதில் பல பையன்களுக்கு அப்படி வந்து தானாக வற்றிவிடுமாம். எனக்கு வற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் கிள்ளிவிட்டு ஓடுவார்கள். அவர்களை இன்று பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு சைஸ் சின்ன பனியன், அதன்மேல் தொளதொள சட்டை என்று கத்திரி வெயிலிலும் திரிந்தேன். தண்டால் எடுத்தேன். அடியில் சதை திரண்டு, அது இன்னும் முன்னால் வந்தது. வேண்டும் எனக்கு!

போன வருஷம் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் என் மகன் தீ மிதிப்பான் என்று நைனா வேண்டிக்கொண்டார். அம்மா பிழைத்துவிட்டாள். வேண்டிக்கொண்டவர் தானே இறங்கக்கூடாதா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அம்மனுக்குச் சொன்ன சொல். வேறு வழியில்லாமல் திருப்பதியில் ஒரு டாக்டரிடம் போனேன்.

அவர் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் பேசினார். என்னென்ன மாத்திரை, ஜிம் பவுடர் உண்டா, குடி உண்டா என்று கேட்டார். ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார். வெறும் கொழுப்பு என்றால் மெத்தென்று இருக்கும், உடம்பு இளைத்தால் ஓரளவு குறையும் என்றார். எனக்குக் காம்புக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்பட்டது சுரப்பி. ஆணுக்கும் அது உண்டு, சிலருக்கு வளர்ந்துவிடும், இத்தனை வருஷம் ஆனபிறகு தண்டாலுக்குக் கரையாது. பயப்பட வேண்டிய நோய் இல்லை, உன் தப்பும் இல்லை, வேண்டுமானால் எடுத்துவிடலாம் என்றார். உன் தப்பு இல்லை என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் முதன்முறையாக நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சின்னக் கீறல் வழியாக எடுத்தார்கள். பிறகு சில வாரம் இறுக்கமான பனியன் போட வேண்டும் என்றார் டாக்டர். எனக்குச் சிரிப்பு. அதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன்.

கடைசியாகக் காட்டப் போனபோது நைனாவும் வந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்த டாக்டர், இனி பனியன் வேண்டாம், தீயும் மிதிக்கலாம் என்றார். நைனா என் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எனக்கும் எடுப்பாங்களாடா? இந்த வயசுல போய்க் கேட்டா சிரிப்பாங்களா?”

திரும்பி அவரைப் பார்த்தேன். எங்கள் பவர்லூம் ஷெட்டில் கோடையில் எல்லாரும் வெற்றுடம்போடு வேலை செய்வார்கள். நைனா மட்டும் பனியனைக் கழற்றியதில்லை. கௌரவம் பார்க்கிறார் என்றே நினைத்திருந்தேன். அவரும் ஒரு வருஷம்கூடத் தீ மிதித்ததில்லை.

“எப்பலருந்து நைனா?”

“எனக்கு மீச மொளைக்கசொல்லருந்து.”

அட பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம் பொங்கியது. நான் மட்டும் சொன்னேனா? ஒரே வீட்டில் இரண்டு பேர் இறுக்கமான பனியனைப் போட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் உலர்த்தி எடுத்திருக்கிறோம்.

“யாரும் சிரிக்க மாட்டாங்க. மொதல்ல இன்னா காரணம்னு பாப்பாங்க. வா, திரும்பிப் போலாம்.”

“இன்னிக்கேவா?”

“இன்னிக்கே.”

வடமாலைப்பேட்டையில் பஸ் நின்றது. எனக்கு முன்னால் அவர் எழுந்து இறங்கினார்.