தீர்ப்பு எழுதப்படாத காவல்

நானே கண்டதையும் கேட்டதையும் தவிர வேறெதையும் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. இதில் வரும் இளைஞனைச் சிறைக்கு அனுப்பிய ஆணையில் ‘நம்பத்தகுந்த வகையில் தெரியவருகிறது’ என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. யாருக்குத் தெரியவந்தது, யார் சொல்லித் தெரியவந்தது என்பது ஓரிடத்திலும் இல்லை. அவ்வகை எழுத்தால் துன்புற்ற ஒரு குடும்பத்தைப் பற்றி நானும் அவ்வகையில் எழுதுவது முறையாகாது.

முதலில் நினைவுக்கு வருவது நீதிமன்ற அறையின் கடைசி வரிசை. வலிக்கும் முழங்காலை மற்றொரு காலின்மேல் தூக்கிப் போட்டபடி டீச்சர் அமர்ந்திருந்தார். வெள்ளைச் சீருடை அணிந்த ஊழியர் ஒருவர் ஓசையின்றி வந்து குனிந்தார்.

“கால கீய எறக்கு மா. ஐயா பாத்தா என்னியதான் கேப்பாரு.”

டீச்சர் உடனே காலை இறக்கினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, “வகுப்புல நானும் இதத்தான் சொல்லுவேன், தம்பி. இப்ப எனக்கே சொல்றாங்க” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்போது அவரால் இன்னும் சிரிக்க முடிந்தது.

மயிலாப்பூரில் பங்குக்கோயிலை ஒட்டிய பள்ளியில் எனக்குக் கணக்குக் கற்பித்தவர் அவர். வழக்கு வந்தபோது ஓய்வு பெற்றிருந்தார், கணவர் இல்லை, ஒரே மகன். நான் லஸ் பக்கம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் இளம் வழக்கறிஞனாக இருந்தேன். அதனால்தான் என்னைத் தேடி வந்தார்.

கால்வாய்க் கரையில் இருந்த குடும்பங்களை நகரத்துக்கு வெளியே அனுப்பக் கூடாது என்று மகன் தெருமுனைக் கூட்டமொன்றில் பேசியிருந்தான். அன்று சற்று நேரம் போக்குவரத்து நின்றது. அதற்கு ஒரு வழக்குப் பதிந்தார்கள்; அதில் பிணை கிடைப்பதற்குள் தடுப்புக் காவல் ஆணை வந்துவிட்டது; பிணை பின்னர் கிடைத்தும் அவன் வெளியே வரமுடியவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே, இனிமேல் குற்றம் செய்யக்கூடும் என்ற கணிப்பின்பேரில் ஒருவரை ஓராண்டு வரை அடைத்துவைக்க இடந்தரும் ஆணை அது. அவனோ அரசுப் பள்ளி ஆசிரியர் பணிக்குத் தேர்வாகியிருந்தான். பணி ஆணைக்கு முன் காவல்துறையின் நன்னடத்தைச் சரிபார்ப்பு பாக்கி. ஆகவே அவன் வெளியே வந்தால் மட்டும் போதாது. அந்த ஆணை தவறானது என்று நீதிமன்றம் சொல்லவேண்டும். சொன்னால் அவன் ஆசிரியன். சொல்லாவிட்டால், தடுப்புக் காவலில் இருந்தவன். டீச்சர் இதை முதல் நாளே பிழையறப் புரிந்துகொண்டார்.

ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தோம். ஒருவரின் உடலுக்கு உரிய விடுதலையைப் பற்றிய மனு என்பதால் அது மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது என்று சட்டக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். நடைமுறை வேறாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அரசு வழக்கறிஞர் எழுந்து, பதில் மனு தாக்கல் செய்யக் கால அவகாசம் வேண்டுவார். நீதிபதிகளின் அமர்வு வழங்கும். எங்கள் மூத்தவர் தலையை இலேசாகத் தாழ்த்துவார். எதிர்ப்புத் தெரிவிப்பது அந்த அறையின் வழக்கமன்று. இன்று நாம் அவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளை நமக்கு அவர் விட்டுக்கொடுப்பார் என்பது அங்கே எழுதப்படாத உடன்பாடு. அந்த உடன்பாட்டில் சிறையில் இருப்பவனுக்குப் பங்கில்லை.

“ஏன் சார், நீங்க ஒண்ணுமே சொல்லலியே?” என்று டீச்சர் தாழ்வாரத்தில் கேட்டார்.

“அரசாங்கம் கேக்கறப்ப கொடுக்கமாட்டேன்னு எந்த ஜட்ஜும் சொல்லமாட்டார், டீச்சர். நாம குதிச்சா அடுத்த வாய்தா இன்னும் தள்ளிப் போகும்.”

“அவங்க லேட்டா வந்தா நாங்க காத்திருக்கணும். ஜாமீன்ல இருக்கறவன் ஒரு நாள் லேட்டாக் கையெழுத்துப் போட்டா ஜாமீன் போயிடும். கணக்கு ஒத்து வரல, சார்.”

மூத்தவர் அங்கியைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நடந்தார்.

அடுத்த வாய்தாவன்று எங்கள் மனுவை அழைப்பதற்கு முன் வேறொரு வழக்கறிஞர் எழுந்து அவசரமாக முறையிட்டார். தியாகராய நகரில் பெருவணிகம் நடத்தும் ஒருவரை முதல் நாள் மாலை கைது செய்திருந்தார்கள். பிற்பகலே விசாரிப்பதாக அமர்வு கூறியது, விசாரித்தது. அரசு வழக்கறிஞர் அவகாசம் கேட்டபோது நீதிபதி மறுத்தார். தனிமனித விடுதலை அரசு அளிக்கும் சலுகையன்று, ஒரு நாள் சிறையும் சிறையே என்று அவர் பேசிய பேச்சு, சொல்லுக்குச் சொல் சீரானது, இடையீடில்லாதது. அவரை விடுவிக்கச் சொல்லும் இடைக்கால உத்தரவும் அன்றே வந்தது. நேரம் முடிந்துபோனதால் எங்கள் மனு தள்ளிப்போயிற்று.

படியிறங்கும்போது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ரொம்ப நல்லாப் பேசினாரு, பா. நமக்கும் இவர்தானே ஜட்ஜ்?”

“ஆமாம், டீச்சர்.”

“அப்ப நமக்கும் அதே சட்டம்தான்” என்றார். அவர் நம்பித்தான் சொன்னார். உடன் வந்த எங்கள் அலுவலகக் குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் படிகளைப் பார்த்தேன்.

இறுதி விசாரணைக்கு ஒருவழியாக நாள் குறிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் மாலை அரசு அந்தக் காவல் ஆணையைத் தானே திரும்பப் பெற்றது. காரணம் கூறவில்லை. குமாஸ்தா அலுவலகத்துக்கு இனிப்பு வாங்கிவந்து டீச்சரிடம் நீட்டினார்.

“வாய தொற, டீச்சரம்மா. புள்ள வூட்டுக்கு வந்துகினு கீறான். இன்னும் இன்னா மூஞ்ச தூக்கி வெச்சிகினு?”

டீச்சர் இனிப்பைக் கையில் வாங்கிக்கொண்டார், உண்ணவில்லை. “நாளைக்குக் கேஸ் நடக்கும்ல?” என்று மூத்தவரிடம் கேட்டார்.

மறுநாள் அரசு வழக்கறிஞர் ஒரே வரியில் செய்தியைச் சொன்னார். எங்கள் மூத்தவர் அன்று மட்டும் வழக்கத்தை மீறினார். ஆணை செல்லுமா செல்லாதா என்று தீர்ப்பளிக்கவேண்டும், ஒருவனின் வேலை அதைச் சார்ந்து நிற்கிறது என்று வாதிட்டார். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். “பையன் வீட்டுக்கு வந்தாச்சு. அம்மா பக்கத்துலயே உக்காந்திருக்கான். இன்னும் என்னத்துக்குக் கவர்மெண்டோட சண்டை?” என்றார். குரலில் கடுமை இல்லை, இரக்கம்கூட இருந்தது. மனு பயனற்றுப் போனதால் முடித்துவைக்கப்படுகிறது என்று எழுதவைத்துவிட்டு அடுத்த வழக்கை அழைத்தார்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. மகன்தான் அவர் தோளைத் தொட்டு, “வாம்மா, முடிஞ்சிருச்சு” என்றான்.

“எது?” என்றார் டீச்சர்.

சரிபார்ப்பில் காவல்துறை உண்மையைத்தான் எழுதியது: தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருந்தவர். அந்த ஆணை தவறு என்று காட்ட எங்களிடம் ஒரு தாளும் இல்லை. வேலை கைவிட்டுப் போயிற்று. காவல் சட்டவிரோதமானது என்று அறிவிக்கக் கோரி வேறொரு மனு போட்டோம். அது நிலுவையில் இருக்கிறது. டீச்சர் போன மழைக்காலத்தில் காலமானார். மகன் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறான். அடக்கத்துக்கு நான் போயிருந்தேன்.

அரசு அந்த ஆணையை ஏன் திரும்பப் பெற்றது என்பது எனக்குத் தெரியாது. விசாரணை நடந்திருந்தால் அந்த அமர்வு என்ன சொல்லியிருக்கும் என்பதும் தெரியாது. அவனைச் சிறைவைத்தது சட்டப்படி சரியா தவறா என்பதை இன்றுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.