நாற்பது மஞ்சள் தொப்பிகள்

செனாய் விமான நிலையத்தில் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் தொழிலாளர்களை எண்ணிப் பேருந்தில் ஏற்றி, செம்பனைத் தோட்டத்தில் ஒப்படைப்பது என் வேலை. கூட்டத்தில் கலந்துவிடாமல் இருக்க ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி கொடுப்போம். பாஸ்போர்ட்டுகள் மொத்தமும் என் பையில் இருக்கும். தொலைந்துவிடக் கூடாதாம். மேலிடத்துப் பேச்சு அது. நானும் அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

அன்று வந்தவர்கள் நாற்பது பேர், ராமநாதபுரத்துக் கடலோரத்துக்காரர்கள். கோத்தா திங்கி போகும் வழியில் இருபுறமும் முடிவில்லாமல் நின்ற செம்பனை மரங்களைப் பார்த்ததும் ஒருவர், "அண்ணே, கடலுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சு விட்டுட்டாங்களா?" என்று கேட்டார். பேருந்தே சிரித்தது. இந்த மாதிரிப் பேச்சு கிடைத்தால் எனக்குச் சோறு வேண்டாம்.

சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். "யாராச்சும் பின்தங்கிட்டா, பஸ் நின்ன எடத்த விட்டு நகரக் கூடாது. நான் வந்து கூட்டிக்குவேன்" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். சாப்பிட்டதும் பெயின்ட் கேள்வி கேட்டவரும் இன்னும் சிலரும் கடைக்குப் பின்னால் இருந்த சூரா என்ற சிறு தொழுகைக்கூடத்துக்குத் தொழப் போனார்கள். கிளம்பும்போது, அவருடைய பச்சை பெயின்ட் பேச்சை வீட்டில் எப்படிச் சொல்லிக் காட்டலாம் என்று யோசித்தபடி, முன்னால் நின்று மஞ்சளை எண்ணினேன். நாற்பது. கிளம்பிவிட்டோம்.

இருபது நிமிடம் போயிருக்கும். பின்னால் தூங்கிக்கொண்டிருந்த அவர் மைத்துனர் பதறி எழுந்தார்.

"அண்ணே, மச்சான் ஏறலண்ணே!"

"தொப்பி நாப்பதும் இருந்துச்சே?"

"தொழுவுறப்ப நெத்தி தரையில படாம முன்பக்கம் இடிக்கும்னு எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. சீட்டுத் தலையில மாட்டி எடம் புடிச்சு வச்சேன். அப்படியே கண்ணசந்துட்டேண்ணே."

"அலமாக்!" என்றார் ஓட்டுநர். "தலைய எண்ணுங்கண்ணே. தொப்பியா போயி குலை வெட்டப் போவுது?"

வண்டியைத் திருப்பினோம். மழை பிடித்துக்கொண்டது. அவருடைய கைபேசியில் இந்த ஊர் சிம் இல்லை. அந்தச் சாலையில் போலீஸ் நிறுத்திக் கேட்பது சாதாரணம். கேட்டால் காட்ட அவரிடம் ஒரு காகிதமும் கிடையாது. தடுப்பு முகாமுக்குப் போன ஒருவரை வெளியே எடுக்க மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்தவன் நான். பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். எதிரே ஒரு போலீஸ் வண்டி கடந்தபோது அதன் பின்னிருக்கையை எட்டி எட்டிப் பார்த்தேன்.

பேருந்து நின்ற அதே இடத்தில், கொட்டும் மழையில் அவர் நின்றிருந்தார். பத்தடியில் கடையின் கூரை.

"எத்தன தடவ கூப்பிட்டேன் லா!" என்று கடைக்காரர் என்மேல் பாய்ந்தார். "நகரக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காருன்னு அங்கேயே நிக்கிறாரு!"

ஏற்றித் துண்டு கொடுத்தேன். ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினேன். பிறகு பையைத் திறந்து, அவர் பாஸ்போர்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். ஈரம் படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

"தோட்டத்துல திரும்ப வாங்கிருவாங்களாண்ணே?"

"வாங்கிருவாங்க."

மீதி வழியெல்லாம் செம்பனைதான். சன்னலோரம் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டைப் பிடித்தபடியே அவர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.