ஈரக்கையை மறந்த சிவரஞ்சனி

மெஷின் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்க வேண்டும், எழுதி முடித்தபின் பிடுங்கினால் பிரயோசனமில்லை என்பாள். கம்ப்யூட்டர் திரையில் எண்கள் மளமளவென்று ஓடிக்கொண்டிருக்கும். சிவரஞ்சனி மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கைச் சடக்கென்று உருவிவிடுவாள். மறுபடி சொருகி, மெஷினுக்கு உயிர் வந்ததும், கடைசியாக எழுதிய எண் தொலையாமல் இருக்கிறதா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள். இருந்தால், "இதுவரைக்கும் தப்பிச்சுச்சு" என்பாள். முடிந்தது, சரியாகிவிட்டது என்ற பேச்சே அவள் வாயில் வராது.

கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என் ஜெராக்ஸ் கடை. மாடி அறை அவளுடையது. பழைய கம்ப்யூட்டரை இந்தப் பாடு படுத்துகிறாளே, ரிப்பேர் பழகுகிறாளோ என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வாயைக் கிண்டியதில் விஷயம் வந்தது. செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற செயலிகள் தகவலைப் பத்திரமாகப் போட்டு வைக்க உள்ளுக்குள் ஒரு பெட்டகம் வேண்டுமாம். மற்றவர்கள் செய்து வைத்ததை எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். இவள் சென்னைக் கம்பெனி வேலையை விட்டு வந்து, நாலு வருஷமாகத் தனியாக உட்கார்ந்து சொந்தமாக ஒன்றை எழுதியிருக்கிறாள். சிக்னலே இல்லாத இடத்திலும், பழைய போனிலும் வேலை செய்யும். வெளியில் யார் கண்ணுக்கும் தெரியாது. "அஸ்திவாரத்தை யாரு பாக்குறாக, அக்கா?" என்றாள்.

இத்தனை பெரிய வேலை செய்கிறவள் இப்படிப் பயந்தாங்கொள்ளியாக இருப்பாள் என்று யார் நினைப்பார்கள்? கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். சிங்கப்பூரில் இருக்கும் புருஷனிடம் போனில் "சாப்ட்டீங்களா" என்று இரண்டு தடவை கேட்பாள். முதல் பதில் சரியாகக் காதில் விழாமல் இருந்திருக்குமோ என்று சந்தேகம். "ஒனக்கு மந்திரிச்சுத்தான் விடணும்" என்று நான் கேலி செய்வேன். சிரிக்கமாட்டாள்.

அவளுடைய பெட்டகத்தை ஒரு தொண்டு நிறுவனத்தார் மணமேல்குடிப் பக்கத்து மீனவர்களுக்கான செயலியில் போட்டிருந்தார்கள். கடலில் வலை போட்ட இடத்தைப் போனில் குறித்துக்கொண்டால், சில மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு அது வழிகாட்டும். பத்தொன்பது படகுகளில் இருந்தது. எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரில் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டும் மூன்று மாதமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், "தொணைக்கு வாங்கக்கா" என்று என்னை இழுத்துக்கொண்டு, விடியுமுன் முதல் பஸ்ஸில் கிளம்பினாள்.

நாங்கள் போனபோது மணி எட்டு. முதல்நாள் பிற்பகலில் போன படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. நாகராசு என்ற படகுக்காரர், ஐம்பது வயதிருக்கும், எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் செயலியைப் புகழ ஆரம்பித்தார். நேற்று வலை போட்ட இடத்தைக் காட்டுகிறேன் என்று போனை எடுத்தார். அது நேற்றைய இடத்தைக் காட்டவில்லை. மூன்று நாளைக்கு முன்பு போட்ட இடத்தைக் காட்டியது. ராத்திரி படகிலிருக்கும் ஜி.பி.எஸ். வழிகாட்டிப் பெட்டியைப் பார்த்தே வலையை எடுத்துவிட்டாராம். போன் பழசாகிப்போச்சு என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

சிவரஞ்சனி போனை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். கடலில் போனை எப்படி அணைப்பீர்கள் என்று கேட்டாள்.

"ஈரக்கைக்கு இந்தக் கண்ணாடி மசியாதும்மா. எடத்தக் குறிச்ச கையோட ஓரத்துப் பட்டன அமுக்கிப் புடிச்சுருவோம். செத்துரும். சார்ஜ் நிக்கணும்ல?"

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தோளைப் பிடித்து உலுக்கித்தான் விஷயத்தை வாங்கினேன். போனில் வேகம் போதவில்லை என்று புகார் வந்ததால், குறித்த தகவலை உடனே சேமிப்பில் இறக்காமல் அரை நிமிஷம் கையில் வைத்திருந்து, பிறகு மொத்தமாக இறக்கும்படி போன மாதம் மாற்றியிருக்கிறாள். முறையாக அணைத்தால், சாகுமுன் போன் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடும். காய்ந்த விரலால் திரையைத் தொட்டு அணைத்து, நூறு தடவை சோதித்திருக்கிறாள். கம்ப்யூட்டருக்குப் பிளக்கைப் பிடுங்கியவள், போனை இப்படிக் கழுத்தை நெரித்துப் பார்க்கவில்லை. கடல்காரர்களுக்கு நாளெல்லாம் கை ஈரமாகத்தான் இருக்கும் என்பது கறம்பக்குடி மாடியில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தோன்றவில்லை. அரை நிமிஷத்துக்குள் அமுக்கிவிட்டால் புது இடம் போச்சு. மறுபடி திறந்தால் பழைய இடத்தை, கொஞ்சமும் சந்தேகமில்லாமல், இதுதான் என்று காட்டும்.

இன்னும் யார் கடலில் இருக்கிறார்கள் என்று கேட்டாள். எல்லாரும் வந்தாச்சு, ஜெரால்டு மட்டும் வரவில்லை என்றார் நாகராசு. கூட மூன்று பேர். அவர்கள் படகில் இருந்த வழிகாட்டிப் பெட்டி பழுதாகி ரிப்பேருக்குப் போயிருக்கிறது. போனை நம்பித்தான் போயிருக்கிறார்கள். மூன்று நாளைக்கு முன்பு ஜெரால்டு வலை போட்டது எங்கே என்று சிவரஞ்சனி கேட்டதற்கு, கடல் எல்லைக்கு ரொம்பக் கிட்டத்தில் என்று பதில் வந்தது.

நீரோட்டத்தில் கொஞ்சம் நகர்ந்தாலும் எல்லை தாண்டிவிடுவார்கள். தாண்டினால் படகும் போகும், ஆளையும் அந்த நாட்டுக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும். அதற்குமேல் நினைக்கவே பயமாக இருந்தது. நாகராசு போன் போட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அது சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. "அஞ்சு நிமிச வேலைக்கா, மாத்திருவேன். ஆனா அங்கிட்டு சிக்னல் இல்லையே, எப்படிப் போயிச் சேரும்?" என்று சிவரஞ்சனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் ஜெரால்டின் மனைவி தூக்குவாளியோடு நின்றாள். எப்போதும் ஒன்பதுக்குள் வந்துவிடுவார் என்று எங்களிடமே இரண்டு முறை சொன்னாள். பத்தானது. பத்தரையானது. இத்தனை நாள் இந்தப் பெண்ணின் பயத்தைக் கேலி செய்தேனே என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பதினொன்று தாண்டி ஒரு புள்ளி தெரிந்தது. நாகராசு கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்து, ஜெரால்டுதான் என்றார். நாலு தலையும் இருந்தன. அவன் மனைவி தூக்குவாளியை மணலில் வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன், யாரிடம் மறைக்க?

வலை இல்லாமல் வந்திருந்தார்கள். போன் காட்டிய பக்கம் ஓட்டிப் போயிருக்கிறார்கள். தூரத்தில் ரோந்துப் படகின் வெளிச்சத்தைப் பார்த்ததும் இன்ஜினைத் திருப்பியிருக்கிறார்கள். அப்புறம் விடிய விடியத் தேடியும் வலை அகப்படவில்லை. முப்பது வயதுகூட ஆகாத ஜெரால்டு, நிறுவனத்து ஆள் என்று நினைத்தோ என்னவோ, சிவரஞ்சனி முன்னால் வந்து தலையைச் சொறிந்தான்.

"நாந்தாங்க எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. படிக்காத கை."

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் சொல்லவா போகிறேன்?

"நீங்க தப்பா அமுக்கலண்ணே. நான் எழுதுனதுலதான் தப்பு. ஒங்க வலை போனது என்னாலதான்" என்றாள்.

நாகராசு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெரால்டு போனை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். கடைசியில், சரி பண்ணிவிடுவீர்களா என்று கேட்டான். இன்றைக்கே பண்ணிவிடுவேன் என்றாள்.

"அப்ப நாளன்னைக்கு இத நம்பிப் போகலாங்களா?"

சிவரஞ்சனி தோள்பையைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். எழுதியிருந்த பக்கங்களைக் கிழித்துப் பைக்குள் போட்டாள். பேனாவை எடுத்தவள், அதைத் திரும்ப வைத்துவிட்டு, உப்புத்தண்ணி பட்டாலும் கரையாத பென்சிலைத் தேடி எடுத்தாள். இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, தன் தலைமுடியில் இருந்த ரப்பர் பேண்டை உருவி இறுக்கிச் சுற்றி, "எடத்த இதுலயும் குறிச்சு வச்சுக்கங்கண்ணே" என்று ஜெரால்டு கையில் கொடுத்தாள்.